ஒண்ட வந்தவர் யார்?

உயிரினங்களின் வாழ்க்கையைக் காட்டி மனிதர்க்கு நீதி உரைப்பது தமிழில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். எறும்பு சேமிப்புக்கும், காகம் பகிர்ந்துண்ணலுக்கும், கொக்கு காலம் பார்த்துக் காத்திருத்தலுக்கும் சான்றாக நிறுத்தப்பட்டுள்ளன. இவ்வுவமைகள் நற்பண்பைப் புகட்டும்வரை எவரும் அவற்றை ஐயுற்று நோக்குவதில்லை. ஆயின், இவ்வழக்கத்துக்கு மறுமுகமும் உண்டு. ஒரு மக்கட் கூட்டத்தை 'ஒட்டுண்ணி' என்றும் 'புல்லுருவி' என்றும் சுட்டும்போதும் நிகழ்வது இதே செயல்தான். அங்கும் இயற்கையிலிருந்து ஓர் உருவம் கடன்வாங்கப்படுகிறது. அதனோடு ஒரு தீர்ப்பும் சொல்லாமலே வந்து சேர்ந்துவிடுகிறது.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்தியது" என்பது பழமொழி. ஒண்ட வந்தவருக்கு ஊரில் என்ன உரிமை என்பது அதனுள் அடங்கிய வினா. ஊவா மாகாணத்தின் மலைத் தோட்டங்களில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இவ்வினா ஓயாது ஒலித்து வந்துள்ளது. பிறர் கட்டிய வீட்டினுள் வாழ்ந்து மடியும் சில சிறு குளவிகளின் வாழ்வை முன்வைத்து, இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குளவி அதற்கு விடை தருமா என்பதும் ஆராயப்பட வேண்டியதே.

கழலையும் அதன் குடிகளும்

தாவரத்தின் இலை, தண்டு, அரும்பு முதலிய ஏதேனும் ஓர் உறுப்பில் ஒரு பூச்சி முட்டையிட்டதாலோ அதன் புழு உண்டதாலோ இயல்புக்கு மாறாகத் தோன்றும் புடைப்பே கழலை எனப்படும். புங்கிலையிலும் மாவிலையிலும் காணப்படும் சிறு கொப்புளங்கள் பல இவ்வகையின. நெற்பயிரின் குருத்து, கதிர் ஈனாது வெண்குழலாய் நீண்டு, யானைத் தந்தம்போல் நிற்பதைத் தமிழக உழவர் 'ஆனைக்கொம்பன்' என்பர். அதுவும் ஒரு சிற்றீயின் புழு செய்த கழலையே. நாட்டுமருந்துக் கடைகளில் விற்கப்படுவதும், கைக்குழந்தைக்குக் கல்லில் உரைத்து நாவில் தடவப்படுவதுமான மாசிக்காய், பெயரளவிலேயே காய். துருக்கி, ஈரான் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் கிளையில் ஒரு குளவி உண்டாக்கிய கழலை அது. மாசிக்காய் சிலவற்றில் காணப்படும் வட்டத் துளை, உள்ளிருந்த குளவி சிறகு முளைத்து வெளியேறிய வாயிலாகும். துளையற்றதே துவர்ப்பு மிக்கதாகக் கருதப்பட்டு உயர்ந்த விலை பெற்றது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவின் காணி உறுதிகளும் அரச ஆணைகளும் இக்கழலையை இரும்பு உப்புடன் சேர்த்துக் காய்ச்சிய மையாலேயே எழுதப்பட்டன.

கழலை, அதனை உண்டாக்கிய புழுவுக்கு உணவுமாகிறது, உறையுளுமாகிறது. ஆனால் அங்கு வாழ்வது அப்புழு மட்டுமன்று. ஓக் மரக் கழலை ஒன்றை அறுத்து நோக்கினால், நடு அறையில் அதனை உண்டாக்கிய குளவியின் புழு கிடப்பதையும், சுற்றிலும் வேறு சிற்றறைகள் அமைந்திருப்பதையும், அவற்றுள் வேறோர் இனக் குளவியின் புழுக்கள் வாழ்வதையும் காணலாம். சினெர்கசு என்னும் பேரினத்தைச் சேர்ந்த இக்குளவிகள், கழலை செய்யும் குளவிகளுக்கு உறவானவை. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை தாமாகக் கழலை தொடங்கும் ஆற்றல் அற்றவை. பிறிதொரு குளவி தொடங்கிய கழலையில் முட்டையிட்டு, அதன் சதையை உண்டு வளர்கின்றன. சில கழலைகளில் இரு சாராரும் பிழைக்கின்றனர். சிலவற்றில் முதற்குடி இடமின்றி மடிகிறது. இவ்விரு சாராரையும் உண்ணும் வேறு குளவிகளும் அக்கழலையையே நாடி வருகின்றன.

இதற்கு உதாரணம் தேடி ஓக் மரக் காடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. ஊவாவின் ஓடைக் கரைகளில் வளரும் அத்தி மரமே போதும். "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்று முன்னோர் கூறியது இழிவுரை போல் தோன்றினும் நுட்பமான அவதானிப்பாகும். அத்திக்காய் உண்மையில் உட்புறமாகப் பூத்த ஒரு பூங்கொத்து. அதன் சிறு துளைவழியே பெண்குளவி ஒன்று, சிறகுகள் ஒடிய உள்ளே நுழைந்து, சில பூக்களில் மகரந்தம் சேர்த்து, வேறு சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. முட்டையிட்ட பூவின் சூல் கழலையாகிறது. அதனுள் புழு வளர்கிறது. இதே காலத்தில், காய்க்குள் நுழையாத வேறு குளவிகள், தம் உடலினும் நீண்ட ஊசி போன்ற உறுப்பால் காயின் சுவரைத் துளைத்து வெளியிலிருந்தே முட்டையிடுகின்றன. அவற்றுட் சில தமக்கெனத் தனிக் கழலை செய்வன. சில முன்னைய குளவியின் கழலையிலேயே குடியேறி, அங்குள்ள புழுவின் உணவைக் கவர்வன. சில அப்புழுவையே உண்பன. காய் பழுக்கும் வேளையில், மகரந்தம் சேர்த்த இனத்தின் சிறகற்ற ஆண்குளவிகள் முதலில் வெளிவந்து, காயின் சுவரைக் கடித்துச் சுரங்கம் அமைத்துவிட்டு இறந்துபோகின்றன. அச்சுரங்கத்தின் வழியாகவே அவற்றின் பெண்களும், குடியேறிய பிற குளவிகளுட் பலவும் வெளியுலகை அடைகின்றன.

பிறர் கழலையில் வாழும் இவ்வுயிர்களுக்கு விஞ்ஞானிகள் இலத்தீன் மொழியிலிருந்து ஒரு பெயரை எடுத்தாண்டனர். இன்குயிலினசு என்னும் அச்சொல், றோமரிடையே பிறர் வீட்டில் குடியிருப்பவனைக் குறித்தது. தமிழில் இதற்கு ஒண்டுக்குடி என்பதினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. இடம் தரும் உயிரை இலங்கைப் பாடநூல்கள் 'விருந்து வழங்கி' என வழங்குகின்றன. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியில் இச்சொல் வியப்புக்குரியது. விருந்து என்பது முகமலர்ந்து அளிக்கப்படுவது. அத்தி மரமோ எவரையும் அழைத்ததில்லை, எவருக்கும் முகமலர்ந்ததுமில்லை. குடியிருப்பவன், விருந்தினன், வழங்குபவன் ஆகிய சொற்கள் யாவும் மனிதரின் வீட்டிலிருந்து கழலைக்குள் கொண்டு செல்லப்பட்டவை. பின்னர் அவற்றையே விஞ்ஞானத்தின் முத்திரையுடன் மனிதர்மீது திருப்பி எறியும்போது, அவை இயற்கையின் தீர்ப்புகள் போலத் தோற்றம் கொள்கின்றன.

வீட்டைக் கட்டியவர் யார்?

ஒண்டுக்குடி என்று ஒருவரைச் சொல்வதற்கு முன்னர், அவ்வீட்டைக் கட்டியவர் பிறர் என்பது நிறுவப்பட வேண்டும். கழலையைப் பொறுத்தவரை இதுவே எளிதாக இருக்கவில்லை. இத்தாலிய அறிஞர் பிரான்செசுக்கோ ரெடி, அழுகும் இறைச்சியில் புழுக்கள் தாமாகத் தோன்றுவதில்லை என்பதை 1668 இல் பரிசோதனைகள் மூலம் நிறுவிப் புகழ்பெற்றவர். அத்தகையவரும் கழலைக்குள் இருக்கும் புழுவைத் தாவரத்தின் உயிராற்றலே பிறப்பிக்கிறது என்று கருதினார். அது வெளியிலிருந்து வந்த பூச்சியின் முட்டையிலிருந்து பிறப்பது என்பதை மார்செல்லோ மால்பிகி 1679 இல் எடுத்துக்காட்டினார். அதன் பின்னரும் குழப்பம் தீர்ந்துவிடவில்லை. ஒரே கழலையைப் பேணி வைத்தால் அதிலிருந்து பல இனக் குளவிகள் வெளிவரும். அவற்றுள் எது கட்டியது, எது ஒண்டியது, எது கொன்றது என்பதை வெளிவரும் குளவியின் தோற்றத்தைக் கொண்டு கூற இயலாது. வாயிலில் நிற்பவர் வீட்டைக் கட்டியவராகவும் இருக்கலாம், கட்டியவரை உண்டவராகவும் இருக்கலாம்.

இன்னும் நுணுகி நோக்கினால் 'கட்டியவர்' என்ற சொல்லே தளர்கிறது. கழலையின் ஒவ்வோர் இழையமும் தாவரத்தினுடையது. குளவி ஒரு துளி மண்ணும் சுமந்து வரவில்லை. குளவியின் பங்கு, தாவரத்தின் வளர்ச்சியைத் தன் தேவைக்கேற்பத் திருப்பியமையே. உழைப்பும் பொருளும் மரத்தினுடையவை. திட்டமும் பயனும் குளவியினுடையவை. ஒண்டுக்குடியும் வெறுமனே இருந்து உண்பதில்லை. அது குடியேறிய இடத்தில் கழலையின் சதை மீண்டும் மாற்றமுற்று, புதிய அறைகளும் புதிய உணவிழையமும் உருவாகின்றன. மேலும், சினெர்கசுப் பேரினத்திலேயே ஓர் இனம் தானாகக் கழலை தொடங்குகிறது என்பதை 2011 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஓக் மரக் கொட்டைகளின் உட்புறத்தில் அது தன் வீட்டைத் தானே அமைக்கிறது. ஒண்டுக்குடி, கட்டுநன் என்னும் பாகுபாடு பூச்சியுலகிலும் பிறப்பால் மாறாது நிற்பதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குளவி குற்றவாளியா?

பிறர் வீட்டில் புகுந்து அவ்வீட்டாரைப் பட்டினியிடும் குளவி தீங்கு செய்கிறது என்று கூறலாமா? இவ்வினா பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிதும் அலைக்கழித்த ஒன்று. உயிருள்ள புழுக்களின் உடலினுள் இருந்து அவற்றை உண்ணும்படி சில குளவிகளை அருள்மிக்க இறைவன் வேண்டுமென்றே படைத்திருப்பான் எனத் தம்மால் நம்ப இயலவில்லை என்று சார்ள்சு டார்வின் 1860 இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதினார். அவர் நண்பர் தோமசு ஹக்ஸ்லி, 1893 இல் ஒக்சுபோர்டில் ஆற்றிய உரையில், இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதன்று, அதனை எதிர்த்து நிற்பதே சமூக அறத்தின் வளர்ச்சி என வாதிட்டார். 1902 இல் நூலாக வெளிவந்த தம் கட்டுரைகளில் குரோப்பொட்கின் இதனை மறுத்து, உயிரினங்களிடையே நிலவும் பரசுபர உதவியே அறத்தின் வேர் என்றார்.

இருவரும் தத்தமக்கு வேண்டிய உயிரினங்களை இயற்கையில் கண்டெடுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. இயற்கை அத்துணை விரிந்தது. கொடுமைக்குச் சான்று தேடுவோனுக்கும் அன்புக்குச் சான்று தேடுவோனுக்கும் அது ஒரே அத்திப்பழத்தில் இரண்டையும் வைத்திருக்கிறது. உள்ளதைக் கூறும் கூற்றுகளிலிருந்து, வேண்டியதைக் கூறும் கூற்றுக்கு மனிதர் அறியாமலே தாவிவிடுகின்றனர் என்று டேவிட் ஹியூம் 1739 - 40 ஆம் ஆண்டுகளில் வெளியான தம் நூலில் சுட்டிய இடர்ப்பாடு இதுவே. குளவி தான் செய்வதன்றி வேறொன்றைச் செய்ய இயலாதது. 'ஏன் இவ்வாறு செய்தாய்?' என்று அதனை வினவ இயலாது. வினவப்பட முடியாததைக் குற்றம் சாட்டவும் இயலாது. ஆகவே குளவி குற்றவாளியுமன்று, நிரபராதியுமன்று. அது வழக்கு மன்றத்துக்கு வெளியே நிற்பது.

இம்முடிவு எளியது போல் தோன்றினும் அதன் விளைவு பெரியது. குளவிக்குத் தீர்ப்பில்லையெனின், குளவியைக் காட்டி மனிதர்க்கு வழங்கப்படும் தீர்ப்புக்கும் ஆதாரமில்லை.

ஊவாவின் மூன்று கதைகள்

இனி இவ்வுவமையை ஊவாவின் மலைகளில் வைத்துச் சோதிக்கலாம்.

1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாததாகவும் கிடந்த நிலமெல்லாம், மறுதலை நிறுவப்படும்வரை, முடிக்குரியதெனக் கொண்டது. 1818 ஆம் ஆண்டு எழுச்சி ஒடுக்கப்பட்டதன் வடு ஆறாதிருந்த ஊவாவில், கிராமத்தவர் சேனை செய்த மலைச்சாரல்கள் இவ்வகையில் தோட்டக்காரர் கைக்கு மாறின. முதலில் கோப்பி வந்தது. 1869 இல் பதுளைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமைப் பகுதியில் கோப்பியிலையில் துருநோய் கண்டறியப்பட்டது. பேராதனையிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அப்பூஞ்சணத்துக்கு அவ்வாண்டிலேயே பெயரிடப்பட்டது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை பரவியது. காட்டை வெட்டவும், கொழுந்து பறிக்கவும், பாதையும் புகையிரத வழியும் அமைக்கவும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். 1924 இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது.

இவ்வரலாற்றில் கழலை எது? குளவி எது? ஒண்டுக்குடி எது?

முதற் கதையின்படி, மரம் என்பது கிராமத்தவரின் நிலம்; கழலை செய்த குளவி ஆங்கிலேயத் தோட்டக்காரன்; அவன் செய்த கழலையுள் புகுந்து வாழ்ந்த ஒண்டுக்குடி தமிழ்த் தொழிலாளி. இக்கதை மேடைகளில் பலமுறை கூறப்பட்டது. 1983 ஜூலையில் பதுளைக் கடைகள் எரிந்தபோது அதன் ஒரு பகுதி தீயாலும் கூறப்பட்டது.

இரண்டாவது கதையின்படி, மரம் என்பது தொழிலாளியின் உடல். கழலையின் ஒவ்வோர் இழையமும் மரத்தினுடையதாதல் போல, தோட்டத்தின் ஒவ்வொரு நிரையும் படிக்கட்டும் கானும் அவ்வுடலிலிருந்து பிறந்தவை. கழலை செய்த குளவி கம்பனி. ஒண்டுக்குடிகளோ பலர், ஏற்றுமதி வரியால் நடந்த அரசு, அதன் அலுவலகங்கள், வைத்தியசாலைகள், பல்கலைக்கழகங்கள் யாவும் அவற்றுள் அடங்கும். 1945 இல் நாட்டில் இலவசக் கல்வி தொடங்கியது. அதற்குச் செலவிட்ட அரசின் வருவாயில் தேயிலையின் பங்கு பெரிது. ஆயின் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்குள் முறையாகக் கொண்டுவரப்பட்டது 1970 களிலேயே. கொழுந்து பறித்தவரின் பிள்ளை ஒற்றை ஆசிரியர் பாடசாலையில் இருந்தபோது, அக்கொழுந்தின் வருவாயில் ஏனையோர் பட்டம் பெற்றனர். இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் வாசகரும் இக்கதையில் ஓர் அறையில் குடியிருப்பவரே.

மூன்றாவது கதையில், மரம் என்பது மலைக்காடு. தேயிலைச் செடியும் தோட்டக்காரனும் தொழிலாளியும் அலுவலரும் ஒருங்கே அக்காட்டின்மேல் எழுந்த கழலையின் குடிகள். ஊற்றுகள் வற்றுவதும் மண் சரிவதும் மரம் தரும் விடைகள்.

மூன்று கதைகளும் தம்முள் முரணின்றி நிற்கின்றன. மூன்றுக்கும் உண்மைச் செய்திகள் ஆதாரமாக உள்ளன. ஆயினும் மூன்றும் வெவ்வேறு ஒண்டுக்குடிகளைக் காட்டுகின்றன. இதிலிருந்து தெளிவாவது ஒன்றுண்டு. யாருக்கு எந்த வேடம் என்று தெரிந்தெடுத்தவுடனேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது; உவமை அத்தீர்ப்புக்குப் பின்னால் வந்து நிற்கும் சாட்சி மட்டுமே.

உழைப்பும் பயனும் உரிமையும்

தொழிலாளரின் உரிமைக்காக வாதிடுவோர் பெரும்பாலும் இரண்டாவது கதையையே எடுத்தாளுகின்றனர். காட்டை நாடாக்கியவர் அவர். ஆகவே நாடு அவருடையது என்பது அவ்வாதம். இதன் பின்னணியில் ஜோன் லொக்கின் கருத்து நிற்கிறது. நிலத்தோடு தன் உழைப்பைக் கலந்தவன் அதன் உரிமையாளன் ஆகிறான் என்று அவர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். இவ்வாதத்தின் வலிமை மறுக்க இயலாதது. எனினும் அதில் மறைந்திருக்கும் இரு ஆபத்துகளும் மறக்கப்படலாகாது.

முதலாவது, இதே வாதத்தை எதிரணியும் எடுத்தாண்டுள்ளது. பயிரிடப்படாத நிலம் எவருடையதுமன்று என்று கூறியே கிராமத்தவரின் சேனைக் காடுகள் எடுக்கப்பட்டன. உழைப்பைக் கண்ணால் காண இயலாத இடத்தில் உரிமையில்லை என்பது அதன் அடிப்படை.

இரண்டாவது, உழைப்பே உரிமையின் வேரெனின், உழைக்க இயலாதோர் நிலை யாது? இடுப்பு ஒடியக் கொழுந்தெடுத்து ஓய்ந்த முதியவள், நோயாளி, பிள்ளை ஆகியோர் லயத்து அறையில் எந்த உரிமையால் இருக்கின்றனர்? தோட்டத்தில் பெயர் பதியாது கொழும்பில் கடைவேலை செய்யும் இளைஞன் விடுமுறைக்கு வருவது எவர் வீட்டுக்கு? வீடு என்பது வேலையோடு கட்டப்பட்டிருந்த தோட்ட முறையில் இவ்வினாக்கள் வெறும் தருக்கப் பயிற்சிகள் அல்ல. வேலை போனால் கூரையும் போகும் என்ற அச்சம் தலைமுறைகளைக் கடந்து நின்ற ஒன்று.

உழைப்பிலிருந்து பயனுக்குச் செல்வது ஒரு சிற்றடியே. அங்கு நிகழ்வதைக் காட்டத் தேயிலைத் தோட்டமே ஒரு குளவியைத் தருகிறது. தேயிலை இலைகளைச் சுருட்டி உண்ணும் ஒரு புழுவைக் கட்டுப்படுத்த, 1935 - 36 இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது மலைகளில் நிலைபெற்று, புழுவை அடக்கியது. பின்னர், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்ட்றின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது, நன்மை செய்த அக்குளவி மடிந்து, இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. வரவழைக்கப்பட்டதும் பயனுக்காக, மறக்கப்பட்டதும் வேறொரு பயனுக்காக. குளவியின் மட்டில் இது வெறும் கணக்குப் பிழை. மனிதர் மட்டிலும் இதே கணக்கு நடத்தப்பட்டமைதான் அறப்பிழை. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் 9,75,000 பேரைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 எனப் பங்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவ்வெண்கள் முடிவு செய்யப்பட்டபோது அம்மக்களின் விருப்பம் கேட்டறியப்படவில்லை.

கேட்டறிதல் என்பதே இங்கு மையமான சொல். குளவியை வினவ இயலாது என்பதால் அது தீர்ப்புக்கு அப்பாற்பட்டது எனக் கண்டோம். மனிதன் வினவப்படக் கூடியவன். விடை கூறவும், விடையை மறுக்கவும், ஒப்பவும், ஒவ்வாமையை உரைக்கவும் வல்லவன். ஒரு சட்டம் எவரைக் கட்டுப்படுத்துகிறதோ அவர் அச்சட்டத்தை ஆக்குவோருள் ஒருவராதல் வேண்டும் என்பதற்கு இவ்வாற்றலே போதிய காரணம். அவர் பாட்டன் எக்கப்பலில் வந்தான் என்பதோ, அவர் ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார் என்பதோ அதற்கு நிபந்தனையாகா. உரிமை என்பது செய்த வேலைக்குக் கிடைத்த கூலியன்று. ஓரிடத்தில் பிறந்து, அங்குள்ள சட்டத்துக்கு அடங்கி, அங்குள்ள இடர்களைத் தாங்கி வாழ்வோருக்கு, அவ்விடத்தின் முடிவுகளில் குரல் இருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள்.

குரலின்மை என்ன விளைவிக்கும் என்பதை 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காட்டியது. பதுளை மாவட்டத்தின் கொசுலந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் சரியக்கூடியதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. வீட்டில் குடியிருந்தோர் அதற்கு உரிமையாளரல்லர். உரிமையாளரோ அவ்வீட்டில் குடியிருக்கவில்லை. எச்சரிக்கை இவ்விரு சாராருக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தில் விழுந்தது. தாமே இடம்பெயரக் காணியில்லாதோருக்கு 'இடம்பெயருங்கள்' என்ற அறிவுரையால் ஆவது என்ன? உரிமை என்பது பத்திரத்தில் உறையும் பெருமை மட்டுமன்று. உயிரைக் காத்துக்கொள்ளும் ஆற்றலும் அதனுள் அடங்கும்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

'இவ்வாறாயின், எவர் வீட்டிலும் எவரும் புகுந்து உரிமை கொண்டாடலாமா?' என்ற மறுப்பு எழலாம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. புகுந்தமை மட்டும் உரிமை தருவதாயின், 1840 இன் தோட்டக்காரனும் உரிமையாளனே. விடை இருவகையில் அமையும். தொழிலாளர் புகுந்தவரல்லர், வரவழைக்கப்பட்டவர். அழைத்தவரின் கடன் பணி முடிந்த அன்றே தீர்வதில்லை. அதனினும் முதன்மையானது, நிலமிழந்த கிராமத்தவரின் முறைப்பாடு உண்மையானது, இன்றும் மதிக்கத்தக்கது. ஆயின் அது நிலத்தை எடுத்தவர்மீதான முறைப்பாடு. எடுக்கப்பட்ட நிலத்தில் வெறுங்காலுடன் வேலைக்கு நிறுத்தப்பட்டவர்மீதானதன்று. இரு சாராருக்கும் அநீதி இழைத்தது ஒரே கை. அக்கை அகன்ற பின்னர் ஒருவரின் இழப்பை மற்றவரிடம் வசூலிக்க முனைவது அறமன்று.

நாடற்றோர் என்ற நிலை 1988 ஆம் ஆண்டினதும் 2003 ஆம் ஆண்டினதும் சட்டங்களால் நீக்கப்பட்டது. 2015 முதல் 7 பேர்ச் காணியுடன் தனிவீடு என்னும் கொள்கை ஏற்கப்பட்டு, அவ்வாறான வீடுகள் சில இடங்களில் எழுந்துள்ளன. எனினும் ஊவாவின் தோட்டங்களில் பலர் இன்றும் உறுதிப்பத்திரம் இல்லாத லயத்து அறைகளிலேயே வாழ்கின்றனர். குடிமகன் என்று சட்டம் கூறும். குடியிருப்பவன் என்று கூரை கூறும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே இன்று எஞ்சியுள்ள கடமை.

பழமொழிக்குத் திரும்பின், அதன் கூற்றையே ஊவா பொய்ப்பித்துள்ளது எனலாம். தொழிலாளரோடு கடல் கடந்து வந்த மாரியம்மனும் முனியாண்டியும் எத்தெய்வத்தையும் துரத்தவில்லை. கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச் சாமி என்றும், தொழிற்சாலையின் சக்கரத்தருகே ரோதமுனி என்றும் புதிய பணிகளை ஏற்றன. அதே மாகாணத்தின் கதிர்காமத்தில் தமிழரும் சிங்களவரும் ஒரே திருவிழாக் கூட்டத்தில் நெருங்கி நிற்கின்றனர். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியாகவும் ஆகலாம் என்பதைப் பழமொழி செய்தோர் எண்ணிப் பார்க்கவில்லை.

குளவியைக் கற்பதால் அறத்துக்குப் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது உவமையிலன்று, கற்கும் முறையில் உள்ளது. கழலையை ஆராய்பவர், வாயிலில் நின்ற பூச்சிக்கு உடனே பெயர் சூட்டுவதில்லை. கழலையை அறுத்து, அறைகளை எண்ணி, எது எப்போது வந்தது, எது எதனை உண்டது, எது எதனை அமைத்தது என்று பார்த்த பின்னரே பெயரிடுகிறார். புதிய சான்று கிடைத்தால் அப்பெயரை மாற்றவும் செய்கிறார். ஒரு மில்லிமீற்றர் குளவிக்குக் காட்டப்படும் இப்பொறுமையை மனிதருக்கும் காட்டுதல் கல்வி கற்றோரின் முதற் கடன். அவ்வாறு பார்த்த பின்னர், மனிதர் மட்டில் செய்ய வேண்டியது இன்னுமொன்று எஞ்சும்; அவர்களையே கேட்டல்.